காய்ச்சலும் காணாமற்போகும் சத்துகளும்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

கடுமையான காய்ச்சலில் படுத்திருக்கும் ஒருவரின் கையிலிருந்து சிறிது இரத்தம் எடுத்துச் சோதித்துப் பார்த்தால் விந்தையானதொரு செய்தி தெரியவரும். வைட்டமின் 'ஏ' குறைந்திருக்கும். வைட்டமின் 'சி' குறைந்திருக்கும். வைட்டமின் 'டி' குறைந்திருக்கும். துத்தநாகம், இரும்பு, செலீனியம் ஆகிய தாதுச் சத்துகளும் தாழ்ந்து நிற்கும். பெரும்பாலும் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறதோ அவ்வளவுக்கு இவை கீழே இறங்கியிருக்கும். இதைக் காணும் எவரும் உடனே என்ன நினைப்பர்? "பாவம், உடம்பில் சத்து இல்லாததால்தான் நோய் இப்படி வாட்டுகிறது. குறைந்த சத்தை மாத்திரையாகக் கொடுத்துவிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்" என்றுதானே நினைப்பர்?

2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனா நம் ஊர்களில் பரவியபோது மருந்துக் கடைகளில் ஜிங்க் மாத்திரையும் வைட்டமின் 'சி' மாத்திரையும் கேட்டு மக்கள் வரிசையில் நின்றது இந்த எண்ணத்தினால்தான். சில நாட்களில் அவை கிடைக்காமலும் போயின. இந்த எண்ணம் சரிதானா என்று விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அன்புத் தோழியரே, அவர்களுக்கு ஒரு வைரஸ் நோயில் 'ஆம்' என்றும் மற்றொரு வைரஸ் நோயில் 'இல்லை' என்றும் விடை கிடைத்தது! அது எப்படி என்பதைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

முதலில் இரண்டு சொற்களை அறிமுகம் செய்துகொள்வோம். நாம் உண்ணும் சோறும் பருப்பும் எண்ணெயும் கிராம் கணக்கில் உடலுக்கு வேண்டியவை. வைட்டமின்களும் தாதுச் சத்துகளும் அவ்வாறல்ல. ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகிராம். அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோகிராம். இந்தக் கணக்கில்தான் அவை நமக்கு வேண்டும். ஆகவே அவற்றை நுண்ணூட்டச் சத்துகள் என்கிறோம். அளவில் சிறியவையாயினும் அவை இல்லாவிடில் கண் பார்க்காது, காயம் ஆறாது, இரத்தம் ஊறாது.

இரண்டாவது சொல் அழற்சி. விரலில் முள் குத்தினால் அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, சூடாகிறது, வலிக்கிறது. இந்த நான்கு அடையாளங்களையும் பண்டைய ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் அக்காலத்திலேயே குறித்து வைத்துள்ளார். விரலில் நடந்தால் நம் கண்ணுக்குத் தெரிகிறது. வைரஸ் கிருமி நுரையீரலில் புகுந்து பெருகும்போது இதே போராட்டம் உடல் முழுவதும் நிகழ்கின்றது. கிருமியைக் கண்ட வெள்ளை அணுக்கள் 'இன்டர்லூகின்' எனப்படும் புரதங்களை இரத்தத்தில் விடுகின்றன. இவற்றை அவசரத் தந்தி என்றே சொல்லலாம். தந்தி போய்ச் சேரும் முக்கியமான இடம் கல்லீரல். தந்தியைப் பெற்றதும் கல்லீரல் தன் அன்றாட வேலைகள் பலவற்றை ஒதுக்கிவிட்டுப் போர்க்காலத் தொழிற்சாலை போல் வேறு பொருள்களைச் செய்யத் தொடங்குகிறது.

அவற்றுள் ஒன்று 'சி-ரியாக்டிவ் புரோட்டீன்'. சுருக்கமாக சி.ஆர்.பி. என்பர். 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இதனைக் கண்டனர். நலமாக இருக்கும் ஒருவருக்கு இது பொதுவாக ஒரு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கும் குறைவாக இருக்கும். கடும் நோயில் 100, 200 என்று ஏறிவிடும். உடலுக்குள் எரியும் தீயின் உயரத்தை அளக்கும் கோல் என்று இதனைக் கொள்ளலாம். கொரோனாக் காலத்தில் பல வீடுகளில் பெரியவர்கள் இந்த மூன்றெழுத்தைக் கவலையோடு உச்சரித்ததை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

இப்போது முதலில் சொன்ன விந்தைக்கு வருவோம். ஊரில் கலவரம் என்று செய்தி வருகிறது. கடைவீதியில் எல்லாக் கடைகளும் சடசடவென்று கதவை இறக்குகின்றன. அன்று மாலை ஒருவர் கடைவீதிக்குப் போய்விட்டு வந்து, "ஊரில் ஒரு படி அரிசி இல்லை, பஞ்சம் வந்துவிட்டது" என்று சொன்னால் நாம் நம்புவோமா? கடை அடைத்திருக்கிறது என்போம். அரிசி மூட்டைகள் கிடங்கில் பத்திரமாகத்தான் இருக்கும். இரத்தம் என்பது கடைவீதி. கல்லீரலும் மற்ற உறுப்புகளும் கிடங்குகள். காய்ச்சல் வந்ததும் உடல் கதவை இறக்கிவிடுகிறது.

இது வெறும் உவமை அன்று. இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தி கிடைத்தவுடன் கல்லீரல் 'ஹெப்சிடின்' என்னும் ஒரு பொருளைச் சுரக்கிறது. அது இரும்பு வெளியே வரும் வாயில்களை அடைத்துவிடுகிறது. குடலிலிருந்து புதிய இரும்பு உள்ளே வருவதும் குறைகிறது. ஏற்கெனவே உள்ள இரும்பும் அணுக்களுக்குள் சிறைப்படுகிறது. துத்தநாகத்தைக் கல்லீரல் இரத்தத்திலிருந்து உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்கிறது. வைட்டமின் 'ஏ' சற்று வேறு வகை. அது நீரில் கரையாதது. இரத்தத்தில் தனியே செல்ல இயலாது. கல்லீரல் செய்து தரும் ஒரு புரதத்தின் மேல் ஏறித்தான் அது பயணம் செய்யவேண்டும். வண்டியில் ஏறும் சரக்குப் போல. காய்ச்சலில் கல்லீரல் இந்த வண்டிகளைச் செய்வதைக் குறைத்துவிடுகிறது. கிடங்கில் வைட்டமின் இருந்தாலும் வண்டி இல்லாததால் கடைவீதிக்கு வருவதில்லை.

உடல் ஏன் இப்படிச் செய்கிறது? நோய்க்கிருமிகள் பலவும் பெருகுவதற்கு இரும்பும் துத்தநாகமும் தேவை. பகைவன் ஊருக்குள் நுழையும்போது தானியத்தை ஒளித்துவைப்பது பழைய போர் முறை. வந்திருப்பது பாக்டீரியாவா வைரஸா என்று பார்த்துக்கொண்டிராமல் உடல் முதலில் கதவை அடைத்துவிடுகிறது. படைத்தவனின் ஏற்பாட்டை என்னவென்பது!

கிருமியே இல்லாமலும் இது நடக்குமா என்று சிலர் சோதித்துப் பார்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதுதான். ஸ்காட்லாந்தில் முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்கு வந்த 33 பேரின் இரத்தத்தில் வைட்டமின் 'டி' அளவை முன்னும் பின்னும் பார்த்தனர். 2011இல் இந்த ஆய்வு வெளியானது. அறுவைக்குப் பின் இரண்டு நாட்களுக்குள் சி.ஆர்.பி. ஏறியது, வைட்டமின் 'டி' ஏறத்தாழ 40 விழுக்காடு சரிந்தது. இரண்டே நாட்களில் அவர்கள் வெயிலை மறந்துவிட்டார்களா? உணவை விட்டுவிட்டார்களா? இல்லை. கத்தி பட்டதால் அழற்சி எழுந்தது. அழற்சியால் அளவு இறங்கியது. அவ்வளவுதான்.

அதே நாட்டு மருத்துவர்கள் 2012இல் இன்னொரு பயனுள்ள வேலையும் செய்தனர். ஆயிரக்கணக்கான சோதனை முடிவுகளை ஒப்பிட்டு, சி.ஆர்.பி. எந்த அளவுக்குள் இருந்தால் எந்தச் சத்தின் எண்ணை நம்பலாம் என்று வகுத்தனர். துத்தநாகத்தை நம்ப சி.ஆர்.பி. 20க்குள் இருக்க வேண்டும். செலீனியம், வைட்டமின் 'ஏ', வைட்டமின் 'டி' ஆகியவற்றை நம்ப 10க்குள். வைட்டமின் 'சி', வைட்டமின் 'பி6' இவற்றை நம்ப 5க்குள். அப்படியென்றால் சி.ஆர்.பி. 150 இருக்கும் நோயாளியின் சத்துக் கணக்கைப் பார்த்து, "இவருக்கு இது இல்லை, அது இல்லை" என்று சொல்வதற்கு என்ன மதிப்பு இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் சத்துக் குறைவு என்பதே பொய், எல்லாம் கடையடைப்புதான்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கிடங்கே காலியாக இருக்கும் வீடுகளும் உண்டு. அந்த வீடுகளில் கலவரம் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தட்டம்மையே சாட்சி.

தட்டம்மையை நம் பெரியவர்கள் மணல்வாரி என்பார்கள். அதுவும் ஒரு வைரஸ் நோய்தான். எங்கள் பாட்டியின் தங்கைக்கு நான்கு வயதில் மணல்வாரி கண்டது. நோய் இறங்கியது, ஆனால் இரண்டு கண்ணிலும் வெண்மை படர்ந்து பார்வை போய்விட்டது. இன்று எழுபது வயதைக் கடந்த அந்தச் சின்னப் பாட்டி, முருங்கைக் கீரையைக் கையால் தடவியே எங்கள் எல்லோரையும் விட விரைவாக ஆய்ந்து போடுவார். "மணல்வாரி கண்ட பிள்ளைக்குக் கீரை, முட்டை, மீன் ஒன்றும் கொடுக்கமாட்டார்கள், கஞ்சிதான்" என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவரைப் போல் கண்ணிழந்த பிள்ளைகள் அக்காலத்தில் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஏராளம். ஏற்கெனவே வைட்டமின் 'ஏ' குறைந்த குழந்தைக்குத் தட்டம்மை வந்தால் விழியின் முன்புறத் திரை உலர்ந்து புண்ணாகிக் கரைந்துவிடும்.

கண்ணோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. லண்டனில் எல்லிசன் என்ற மருத்துவர் 1932இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தட்டம்மையோடு வந்த 600 குழந்தைகளில் 300 பேருக்கு வைட்டமின் 'ஏ' நிறைந்த மீன் ஈரல் எண்ணெய்ச் சத்தைக் கொடுத்தார். 300 பேருக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கப்படாதவர்களில் 26 பேர் இறந்தனர். கொடுக்கப்பட்டவர்களில் 11 பேர். இவ்வளவு தெளிவான செய்தியை உலகம் பிடித்துக்கொண்டிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. சில ஆண்டுகளில் சல்பா மருந்துகளும், பின்னர் பென்சிலினும் வந்தன. எல்லோருடைய கவனமும் அவற்றின்மேல் சென்றது. எல்லிசனின் ஆய்வு அரை நூற்றாண்டு காலம் பெரும்பாலும் மறக்கப்பட்டே கிடந்தது. அந்த ஐம்பது ஆண்டுகளில்தான் எங்கள் சின்னப் பாட்டியும் குழந்தையாக இருந்தார்.

கதையை மீண்டும் தொடங்கி வைத்தவர் ஆல்ஃபிரட் சாமர் என்னும் அமெரிக்கக் கண் மருத்துவர். அவர் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரத்தை அடுத்த கிராமங்களில் மாலைக்கண் நோயை ஆராய்ந்தார். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை குழந்தைகளைப் பார்க்கச் செல்வார்கள். மாலைக்கண் முதலிய சிறிய அடையாளங்கள் இருந்த குழந்தைகளில் பலர் அடுத்த முறை செல்லும்போது உயிரோடு இல்லை. கணக்குப் பார்த்தபோது, கண் நன்றாக இருந்த குழந்தைகளைவிட இவர்கள் சராசரியாக நான்கு மடங்கு இறந்திருந்தனர். இது 1983இல் வெளியானது. பலர் நம்பவில்லை. "வைட்டமின் இல்லாததாலா இறந்தார்கள்? ஏழைக் குழந்தைகள், நோயாளிக் குழந்தைகள், அதனால் வைட்டமினும் குறைந்தது, உயிரும் போயிற்று" என்றார்கள். நியாயமான கேள்விதான். முட்டை முதலா கோழி முதலா என்பது போன்ற இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரே வழி, சத்தைக் கொடுத்துப் பார்ப்பது. அதுவும் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல யாருக்கு எது என்று தற்செயலாகப் பிரித்து, ஒரு சாராருக்குச் சத்தும் மறு சாராருக்கு அதே தோற்றமுள்ள போலி மருந்தும் கொடுப்பது. அப்படிப் பிரித்தால் ஏழையும் பணக்காரரும், மெலிந்தவரும் பருத்தவரும் இரண்டு பக்கமும் சமமாக விழுவார்கள்.

டான்சானியா நாட்டின் முவுமி என்ற ஊரில் உள்ள மிஷன் மருத்துவமனையில் தட்டம்மையோடு சேர்க்கப்பட்ட 180 குழந்தைகளை இவ்வாறு பிரித்தனர். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்ற 92 பேரில் 12 பேரும், வைட்டமின் 'ஏ'யும் பெற்ற 88 பேரில் 6 பேரும் இறந்தனர். இது 1987இல் வந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் ஹஸ்ஸி, க்ளெய்ன் என்னும் இருவர் நடத்தி 1990இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் உறுதியானது. கடுமையான தட்டம்மையில் வந்த 189 குழந்தைகள். அவர்களில் 12 பேர் இறந்தனர்; அந்தப் பன்னிருவரில் 10 பேர் போலி மருந்து பெற்றவர்கள். பிழைத்தவர்களிலும் வைட்டமின் பெற்றவர்கள் நிமோனியாவிலிருந்து ஏறத்தாழ பாதி நாட்களில் தேறினார்கள்.

இந்தக் கேப் டவுன் ஆய்வில் நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அவ்வூரில் வைட்டமின் 'ஏ' குறைவினால் கண் கெடுவது அரிது. இருந்தும் அந்தக் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் வைட்டமின் 'ஏ' மிகவும் தாழ்ந்திருந்தது. அந்தத் தாழ்வில் ஒரு பங்கு அழற்சியின் கடையடைப்பாக இருந்திருக்கலாம். ஆனால் கொடுத்ததும் பலித்ததே! ஏனெனில் தட்டம்மை கடையை அடைப்பதோடு நிற்பதில்லை, கிடங்கையும் கொள்ளையடிக்கிறது. தொண்டை, மூச்சுக்குழல், குடல், விழி இவற்றின் உட்பூச்சாக இருக்கும் மெல்லிய தோலை அது அழிக்கிறது. அந்தத் தோலைப் புதுப்பிக்க வேண்டிய பொருள் வைட்டமின் 'ஏ'. செலவு பன்மடங்கு கூடும் அந்நேரத்தில் குழந்தை உண்பதில்லை. உண்டதும் வயிற்றுப்போக்கில் போய்விடுகிறது. சிறுநீரோடும் சிறிது கழிகிறது. சிறு கிடங்கு எத்தனை நாள் தாங்கும்?

நம் நாட்டிற்கும் இதில் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. மதுரை அரவிந்த் குழந்தைகள் மருத்துவமனையின் டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா தலைமையில் திருச்சி மாவட்டத்துச் சிற்றூர்களில் 15,419 சிறு குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. வாரம் ஒருமுறை மிகச் சிறிய அளவில், உணவிலிருந்து கிடைக்கக் கூடிய அளவிலேயே, வைட்டமின் 'ஏ' கொடுத்தார்கள். ஓராண்டில் இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. 1990இல் உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழில் இது வெளியானது. ஆனால் 2013இல் வெளியான உத்தரப்பிரதேச ஆய்வில், சுமார் பத்து லட்சம் குழந்தைகளிடம் பார்த்தும் இப்படிப்பட்ட பெரும் பயன் தெரியவில்லை. கிடங்கு காலியாக உள்ள ஊருக்கும் ஓரளவு நிறைந்த ஊருக்கும் விடை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி கொரோனாவுக்கு வருவோம். 2020இல் சென்னை ரேலா மருத்துவமனை மருத்துவர்கள் 47 கொரோனா நோயாளிகளின் துத்தநாக அளவையும் நலமான 45 பேரின் அளவையும் ஒப்பிட்டனர். நோயாளிகளில் 27 பேருக்குத் துத்தநாகம் குறைவு. குறைந்தவர்களுக்கே சிக்கல்களும் அதிகம் வந்தன. உலகின் பல ஊர்களிலிருந்தும் வைட்டமின் 'டி' பற்றி இதே போன்ற செய்திகள் வந்தன. சாமரிடம் கேட்ட அதே கேள்வி இங்கும் எழுகிறது: எது முதல்?

கொடுத்துப் பார்த்தார்கள். பிரேசில் நாட்டின் சாவோ பாலோவில் மருத்துவமனையில் இருந்த 240 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்து ஒரு சாராருக்கு வைட்டமின் 'டி' இரண்டு லட்சம் யூனிட் ஒரே தடவையில் கொடுத்தனர். இரத்தத்தில் அளவு நன்றாகவே ஏறியது. ஆனால் வீடு திரும்ப ஆன நாட்கள்? இரண்டு பக்கமும் நடுக் கணக்கு 7 நாட்கள். ஒரு நாள்கூடக் குறையவில்லை. அமெரிக்காவில் வீட்டிலிருந்தே மருத்துவம் பெற்ற 214 பேருக்குத் துத்தநாகம், வைட்டமின் 'சி', இரண்டும் சேர்த்து, இரண்டும் இல்லாமல் என நான்காகப் பிரித்துப் பார்த்தார்கள். தினமும் வைட்டமின் 'சி' 8,000 மில்லிகிராம்! பயன் எதுவும் தெரியாததால் ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். இவ்விரண்டு முடிவுகளும் 2021இல் வெளியாயின. மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு வைட்டமின் 'சி'யை ஊசியாகச் செலுத்திப் பார்த்த பெரிய ஆய்வு 2023இல் வந்தது. அதிலும் ஏமாற்றமே.

அப்படியானால் கடும் கொரோனாவில் உயிரைக் காத்தது எது? 2020 ஜூன் மாதம் இங்கிலாந்திலிருந்து ஒரு முடிவு வந்தது. டெக்ஸாமெதசோன் என்ற பழைய, விலை மலிந்த மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அது சத்து மருந்து அன்று. அழற்சியை அடக்கும் மருந்து. அதாவது கடைவீதியில் அரிசி கொண்டுவந்து கொட்டுவதை விட்டுக் கலவரத்தை அடக்கினார்கள். அதையும் நோய் முற்றி மூச்சுக்கு ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தபோதுதான் பலன் கிடைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை.

எங்கள் பெரியப்பா 2021 மே மாதம் மருத்துவமனையில் இருந்தபோது கொடுத்த அறிக்கையை வீட்டில் இன்னும் வைத்திருக்கிறோம். சி.ஆர்.பி. 118. வைட்டமின் 'டி' 13. அந்த 13ஐப் பார்த்துப் பெரியம்மா அழுதார்களாம். பக்கத்தில் இருந்த 118ஐ யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. குணமாகி இரண்டு மாதம் கழித்து டாக்டர் மறுபடி சோதிக்கச் சொன்னார். சி.ஆர்.பி. 3. வைட்டமின் 'டி' 19. இடையில் அவர் வைட்டமின் மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. 13க்கும் 19க்கும் உள்ள இடைவெளி காய்ச்சலின் வேலையாக இருக்கலாம் என்றார் டாக்டர். 20க்குக் கீழே இருப்பதால் உண்மையான குறையும் கொஞ்சம் இருக்கிறது, அதற்கு இப்போது மாத்திரை சாப்பிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்திருக்கின்றன பாருங்கள்: கொஞ்சம் கடையடைப்பு, கொஞ்சம் பஞ்சம்.

இங்கே பெற்றோருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். தட்டம்மைக்கு வைட்டமின் 'ஏ' நல்லது என்று படித்துவிட்டு அதை வீட்டிலேயே ஊற்றிக் கொடுக்கக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் தட்டம்மை கண்ட குழந்தைக்கு இரண்டு நாட்கள், நாளுக்கு ஒரு தடவை கொடுக்கச் சொல்கிறது: ஒரு வயதுக்கு மேல் இரண்டு லட்சம் யூனிட், ஆறு மாதம் முதல் ஒரு வயதுக்குள் ஒரு லட்சம், அதற்கும் கீழே ஐம்பதாயிரம். கண்ணில் குறை தெரிந்தால் மட்டும் சில வாரம் கழித்து மூன்றாவது தடவை. வைட்டமின் 'சி' மிகுந்தால் சிறுநீரில் போய்விடும். வைட்டமின் 'ஏ' போகாது, கல்லீரலில் தங்கி நஞ்சாகும். 2025இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தட்டம்மை பரவியபோது சில பெற்றோர் தாங்களாகவே பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்து வந்தார்கள். தட்டம்மையோடு மருத்துவமனைக்கு வந்த அப்பிள்ளைகளில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பின் அடையாளங்கள் சோதனையில் தெரிந்தன. தட்டம்மை வராமல் தடுப்பது வைட்டமின் அன்று, தடுப்பூசி. நம் நாட்டில் ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, பதினாறு மாதத்திற்கு மேல் இரண்டு வயதுக்குள் இன்னொன்று. முதல் ஊசியோடு வைட்டமின் 'ஏ' சொட்டும் தொடங்கி, ஐந்து வயதுக்குள் ஒன்பது தடவை கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டுத் தம்பி தங்கையரின் அட்டையை எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக நம்மைப் போன்ற பெண்பிள்ளைகளுக்கு உரிய செய்தி. வாரந்தோறும் நமக்குத் தரும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையை வகுப்பில் பலரும் முகம் சுளித்துக்கொண்டுதான் விழுங்குகிறோம். அது நம்மில் பலருக்கும் உண்மையாகவே தேவை. இந்தியாவில் வளரிளம் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆனால் இரும்பின் கிடங்கை அளக்கும் ஃபெரிட்டின் என்ற சோதனை மற்றவற்றுக்கு நேர்மாறாக ஏமாற்றும். காய்ச்சலில் அது இறங்காது, ஏறும். இரத்தசோகை உள்ள பெண்ணுக்கும் காய்ச்சல் நாளில் சோதித்தால், "கிடங்கு நிறைந்திருக்கிறது" என்று எழுதி வரலாம். ஆகவே காய்ச்சல் தணிந்து சில வாரம் கழித்துச் சோதிப்பதே தகும்.

மாத்திரை தரும் நாளில் சிஸ்டர், "காய்ச்சல் இருக்கிறவர்கள் கை தூக்குங்கள்" என்று கேட்பதன் காரணமும் இதனோடு சேர்ந்ததுதான். 2018இல் மத்திய அரசு வகுத்த இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின் நெறிமுறையிலேயே, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நிமோனியா போன்ற நோய் உள்ள நாட்களில் இரும்பு மாத்திரையை நிறுத்தி வைக்கவேண்டும் என்று இருக்கிறது. ஹெப்சிடின் குடலின் வாயிலை அடைத்திருக்கும் அன்று விழுங்கினால் இரும்பில் பெரும் பங்கு இரத்தத்தில் சேராமல் குடலிலேயே கிடந்து வயிற்றைப் புரட்டும். அடுத்த வாரம் உடம்பு தேறியதும் வழக்கம்போல் வாங்கிக்கொள்ளலாம்; விட்டுப்போனதற்காக இரண்டாகச் சேர்த்து விழுங்க வேண்டியதில்லை.